திருமலை கிருஷ்ணமாச்சாரியார்

திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (நவம்பர் 18, 1888 - பெப்ரவரி 28, 1989) இந்தியாவைச் சேர்ந்த யோக ஆசிரியரும், ஆயுர்வேத மருத்துவரும், வடமொழி அறிஞரும் ஆவார். இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவிய யோகப் பயிற்சி முறைகளுள் பலவற்றுக்கு மூல ஆசிரியராக இவர் கருதப்படுகிறார். பி. கே. எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி, இவருடைய மகன் டி. கே. வி. தேசிகாச்சார் ஆகியோர் இவரிடம் பயின்றவர்கள். கருநாடகத்தில் பிறந்த இவர், தம் வாழ்வின் கடைசி முப்பத்தேழு ஆண்டுகளைப் பெரும்பாலும் சென்னையில் கழித்தார். நூறு வயதைக் கடந்து வாழ்ந்த இவர், முதியோருக்கும் நாட்பட்ட நோயுடன் வாழ்வோருக்கும் ஏற்ற வகையில் யோகத்தை மாற்றியமைத்தவர் என்ற வகையிலும் அறியப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணமாச்சாரியார் அன்றைய மைசூர் அரசின் சித்திரதுர்க்கா மாவட்டத்தில் உள்ள முசுகுந்தபுரம் என்னும் சிற்றூரில், ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை திருமலை சீனிவாச தாத்தாச்சாரியார் வேதம் கற்பித்து வந்தவர். தாயார் பெயர் ரங்கநாயகி அம்மாள். உடன்பிறந்தவர்களுள் இவரே மூத்தவர். வைணவ ஆச்சாரியரான நாதமுனிகளின் வழித்தோன்றல்கள் என்பது இக்குடும்பத்தாரின் நம்பிக்கை.

சிறு வயதிலேயே தந்தையிடம் வடமொழியும் வேதமும் ஆசனங்கள் சிலவும் கற்றார். பத்து வயதளவில் தந்தையை இழந்தார். அதன் பின் குடும்பம் மைசூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு பரகால மடத்தின் தலைவராக இவருடைய கொள்ளுப் பாட்டனார் இருந்தார். மடத்தின் பாடசாலையில் இவர் கல்வியைத் தொடர்ந்தார்.

ஆழ்வார் திருநகரி

இவர் வாழ்க்கையில் தமிழ்நாட்டுடன் தொடர்புடைய முதல் முக்கிய நிகழ்வு பதினாறாம் வயதில் நடந்தது. நம்மாழ்வாருடன் தொடர்புடைய ஆழ்வார் திருநகரிக்கு அப்போது இவர் யாத்திரை மேற்கொண்டார். அங்குள்ள புளிய மரம் வைணவர்களால் போற்றப்படுவதாகும். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள், நம்மாழ்வாரை வழிபட்டுப் பாசுரங்களைத் திரும்பப் பெற்ற இடம் இது என்பது வைணவ மரபு.

இவ்விடத்தில் தமக்கு ஒரு காட்சி கிடைத்ததாகவும், அதில் நாதமுனிகளே தோன்றி, மறைந்து போன யோக ரகசியம் என்னும் நூலை ஓதியருளியதாகவும் கிருஷ்ணமாச்சாரியார் பிற்காலத்தில் கூறி வந்தார். நினைவில் நின்ற சுலோகங்களைப் பின்னாளில் அவர் தம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவை பின்னர் நூலாகவும் வெளிவந்தன. இந்நூல் பழமையானதா அல்லது கிருஷ்ணமாச்சாரியாரே இயற்றியதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பப் பயிற்சி வேறுபட வேண்டும் என்ற கருத்து அந்நூலில் தெளிவாக இடம்பெற்றுள்ளது. இவருடைய பிற்காலப் பணிகள் அனைத்துக்கும் இக்கருத்தே அடிப்படையாக அமைந்தது.

உயர்கல்வி

பதினெட்டு வயதில் காசிக்குச் சென்று தருக்கமும் இலக்கணமும் கற்றார். மைசூருக்குத் திரும்பி வேதாந்தம் பயின்ற பின், 1914 ஆம் ஆண்டில் மீண்டும் காசிக்குச் சென்றார். அடுத்து வந்த ஆண்டுகளில் வட இந்தியாவின் பல இடங்களில் ஆறு தரிசனங்களையும் பயின்றார். வங்காளத்தில் ஆயுர்வேதம் கற்றதாகவும் இவருடைய வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

பின்னர் இமயமலைப் பகுதியில், மானசரோவர் ஏரியை அடுத்து வாழ்ந்த ராமமோகன பிரம்மச்சாரி என்பவரிடம் ஏழு ஆண்டுகளுக்கு மேல் யோகம் கற்றதாக இவர் கூறியுள்ளார். இக்காலப் பகுதி குறித்து இவரும் இவருடைய மரபினரும் தரும் ஆண்டுக் கணக்குகள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தவில்லை என்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

1925 ஆம் ஆண்டில் நாமகிரி அம்மாளை மணந்தார். இவர்களுக்கு மூன்று ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் பிறந்தனர். உயர்ந்த பட்டங்களைப் பெற்றிருந்தும் யோகம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டதால் தொடக்கத்தில் இக்குடும்பம் வறுமையில் வாடியது. அக்காலத்தில் இவர் ஹாசன் மாவட்டத்தில் ஒரு காப்பித் தோட்டத்திலும் பணிபுரிந்தார்.

மைசூர்க் காலம்

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு கிடைத்தபின் இவருடைய நிலை மாறியது. 1933 ஆம் ஆண்டில் ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதியில் யோகசாலை ஒன்று தொடங்கப்பட்டு, அதன் ஆசிரியராக இவர் பொறுப்பேற்றார். 1934 ஆம் ஆண்டில் யோக மகரந்தம் என்னும் நூலைக் கன்னடத்தில் எழுதினார். இந்நூலின் தமிழ் மொழிபெயர்ப்பு 1938 இல் மதுரையில் வெளிவந்தது. பிற்காலத்தில் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று இத்தமிழ்ப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது என்பது குறிப்பிடத்தக்கது. 1941 ஆம் ஆண்டில் யோகாசனகளு என்னும் மற்றொரு கன்னட நூலை வெளியிட்டார்.

இக்காலத்தில் இவரிடம் பயின்றவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்களும் இளைஞர்களும் ஆவர். எனவே இவர் கற்பித்த முறை விரைவும் வலிமையும் வாய்ந்ததாக இருந்தது. ஓர் ஆசனத்திலிருந்து மற்றோர் ஆசனத்துக்கு மூச்சுடன் இணைந்து தாவிச் செல்லும் தொடர்கள் அதில் இடம்பெற்றன. பட்டாபி ஜோயிஸ் பின்னாளில் பரப்பிய அட்டாங்க விந்யாச யோகம் இக்காலக் கற்பித்தலிலிருந்து வளர்ந்ததாகும். நாமகிரி அம்மாளின் தம்பியான பி. கே. எஸ். ஐயங்கார் 1934 ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தார். இளமையில் பல நோய்களால் நலிந்திருந்த அவர், 1937 இல் புனேக்குச் சென்று தமக்கென ஒரு முறையை உருவாக்கினார். அதே ஆண்டில் இரிகா நகரில் பிறந்த இந்திரா தேவி, மன்னரின் பரிந்துரையின் பேரில் மாணவியாகச் சேர்த்துக் கொள்ளப்பட்டார். அவர் 1947 இல் அமெரிக்காவின் ஆலிவுட்டில் யோகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

யோகத்தைப் பரப்பும் நோக்கில் கிருஷ்ணமாச்சாரியார் பல ஊர்களில் செயல்முறை விளக்கங்கள் நடத்தினார். நாடித் துடிப்பை உணர முடியாதபடி செய்து காட்டுவது அவற்றுள் ஒன்று. 1930களின் நடுப்பகுதியில் பிரான்சு நாட்டு இதய மருத்துவர் தெரேசு புரோசு இந்தியாவுக்கு வந்து இத்தகைய நிகழ்வுகளைக் கருவிகளால் பதிவு செய்தார். ஆயினும் 1961 இல் வெளியான மற்றோர் ஆய்வு, இதயம் உண்மையில் நிற்பதில்லை என்றும், மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்குவதால் நாடித் துடிப்பு மட்டுமே உணர முடியாத அளவுக்குக் குறைகிறது என்றும் முடிவு கூறியது.

1940 இல் மன்னர் மறைந்தார். இந்திய விடுதலைக்குப் பின் அரண்மனையின் ஆதரவு குறைந்து, 1950 ஆம் ஆண்டில் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைக் கடந்த நிலையில் கிருஷ்ணமாச்சாரியார் வேலையை இழந்தார்.

சென்னை வாழ்க்கை

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டிருந்த புகழ்பெற்ற சட்ட வல்லுநர் ஒருவருக்குச் சிகிச்சை அளிப்பதற்காக 1952 ஆம் ஆண்டில் இவர் சென்னைக்கு அழைக்கப்பட்டார். அந்நோயாளியின் உடல்நிலை தேறவே, இவர் குடும்பத்துடன் சென்னையிலேயே தங்கினார். மயிலாப்பூரில் உள்ள விவேகானந்தா கல்லூரியில் யோகம் கற்பிக்கும் பணியும் இவருக்குக் கிடைத்தது. அப்போது இவருக்கு வயது 64.

பெரும்பாலானோர் ஓய்வு பெறும் இவ்வயதில்தான் இவருடைய பணியின் இரண்டாம் பகுதி தொடங்கியது. சென்னையில் இவரை நாடி வந்தவர்களுள் பலர் நோயாளிகள், நடுவயதினர், முதியோர் ஆகியோராக இருந்தனர். மைசூரில் சிறுவர்களுக்குக் கற்பித்த தாவும் பயிற்சிகள் இவர்களுக்குப் பொருந்தவில்லை. எனவே குழுவாகக் கற்பிப்பதைப் பெரிதும் விடுத்து, ஒருவருக்கு ஒருவர் என்ற முறையை மேற்கொண்டார். தம் வீட்டிலும் மாணவர்களின் வீடுகளிலும் வகுப்புகளை நடத்தினார். மயிலாப்பூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஸ்ரீவத்ச ராமசுவாமி 1955 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகவும், ஏ. ஜி. மோகன் 1971 முதலும் இவரிடம் பயின்றனர்.

பொறியியல் பட்டம் பெற்றிருந்த மகன் தேசிகாச்சார், 1960களின் தொடக்கத்தில் தம் தொழிலை விடுத்துத் தந்தையிடம் மாணவராகச் சேர்ந்தார். பல ஆண்டுகளாகத் தூக்கமின்மையால் வருந்திய ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, கிருஷ்ணமாச்சாரியாரின் பயிற்சியால் குணமடைந்து நன்றி கூறியதை நேரில் கண்டதே இம்முடிவுக்குக் காரணம் எனத் தேசிகாச்சார் எழுதியுள்ளார். அடையாற்றுடன் நெருங்கிய தொடர்புடைய தத்துவ ஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தி 1965 ஆம் ஆண்டு முதல் தேசிகாச்சாரிடம் யோகம் கற்றார். அப்போது கிருஷ்ணமூர்த்தியின் வயது எழுபதாகும்.

1976 ஆம் ஆண்டில் தேசிகாச்சார் தம் தந்தையின் பெயரில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார. மந்தைவெளியில் அமைந்துள்ள இந்நிறுவனம் யோக சிகிச்சை, ஆசிரியர் பயிற்சி, ஆய்வு, வேதம் ஓதுதல் ஆகிய துறைகளில் பணியாற்றி வருகிறது.

கற்பித்தல் முறை

கிருஷ்ணமாச்சாரியாரின் சென்னைக் காலக் கற்பித்தலின் அடிப்படை, யோகம் மனிதருக்கு ஏற்ப மாற வேண்டுமேயன்றி மனிதர் யோகத்துக்கு ஏற்ப வளைய வேண்டியதில்லை என்பதாகும். புதிதாக வருபவரின் நாடியைப் பார்ப்பது, மூச்சைக் கவனிப்பது, உணவு, உறக்கம், தொழில், குடும்பச் சூழ்நிலை ஆகியவற்றைக் கேட்டறிவது என்பவை முதற்படியாகும். அதன் பின்னரே பயிற்சி வகுக்கப்படும். ஒரே நோயுடைய இருவருக்கு ஒரே பயிற்சி தரப்பட வேண்டும் என்பதில்லை.

இவர் மனித வாழ்வை மூன்று பருவங்களாகப் பிரித்தார். இளமையில் உடலை வளர்க்கும் பயிற்சிகளும், நடுவயதில் உடல்நலத்தைக் காக்கும் பயிற்சிகளும், முதுமையில் மூச்சு, தியானம், இறைவழிபாடு ஆகியவையும் முதலிடம் பெறும். நடுவயதினருக்கும் முதியோருக்கும் இவர் மேற்கொண்ட முறையின் சில கூறுகள் பின்வருமாறு:

உடலின் ஒவ்வோர் அசைவும் மூச்சுடன் தொடங்கி மூச்சுடன் முடிய வேண்டும். மூச்சு தடைப்பட்டால் பயிற்சி அளவு மீறியது எனப் பொருள்.
ஓர் ஆசனத்தில் நெடுநேரம் நிற்பதற்கு முன், அதனுள் சென்று மீளும் அசைவைப் பலமுறை செய்ய வேண்டும்.
முழங்காலை மடக்குதல், நாற்காலியில் அமர்தல், படுத்த நிலையில் செய்தல் போன்ற மாற்றங்கள் குறையாகக் கருதப்படுவதில்லை.
கடினமான ஆசனத்துக்குப் பின் அதற்கு மாற்றான எளிய ஆசனம் செய்யப்பட வேண்டும்.
நாள்தோறும் சிறிது நேரம் தவறாமல் செய்வது, எப்போதாவது நெடுநேரம் செய்வதைக் காட்டிலும் மேலானது.

பெண்கள் யோகம் கற்பதை இவர் ஆதரித்தார். மனைவிக்கும் மகள்களுக்கும் தாமே கற்பித்தார். வைதிக மரபில் ஊறியவராயினும், பிற சமயத்தவர் தம் நம்பிக்கைக்கு ஏற்ற பெயரையோ பொருளையோ தியானத்துக்குக் கொள்ளலாம் என்பது இவருடைய நிலைப்பாடாகும்.

நாட்பட்ட நோய்களும் முதுமையும்

தொற்றுநோய்கள் மருந்துகளால் கட்டுப்படத் தொடங்கிய இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் போன்ற நாட்பட்ட நோய்கள் சென்னை போன்ற நகரங்களில் பெருகின. இவற்றை முழுவதும் அகற்ற இயலாது. பல ஆண்டுகள் இவற்றுடன் வாழப் பழக வேண்டும். நாள்தோறும் சிறிதளவு, வாழ்நாள் முழுவதும் என்ற கிருஷ்ணமாச்சாரியாரின் முறை இத்தேவைக்குப் பொருந்துவதாக அமைந்தது. இவருடைய மரபில் வந்த சிகிச்சை நிலையங்களை நாடுவோருள் நீரிழிவு நோயாளிகளும் அடங்குவர்.

இம்முறையின் சில கூறுகளை இன்றைய மருத்துவ அறிவு கொண்டும் விளக்கலாம். உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியைத் தசைகளே ஏற்கின்றன. இயங்கும் தசை, இன்சுலினின் துணை குறைந்த நிலையிலும் சர்க்கரையை உள்வாங்க வல்லது. முதுமையில் தசை குறைவதால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. எனவே வயதான பின்னும் உடலை இயக்குவது நீரிழிவாளருக்கு இன்றியமையாதது. நெடுநாள் நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குறைவதும், மருந்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்வதும் முதியோர் தடுக்கி விழக் காரணமாகின்றன. சமநிலையை வளர்க்கும் எளிய பயிற்சிகள் இதைத் தடுக்க உதவுகின்றன.

சென்னையில் நடைபெற்ற ஆய்வுகளும் வாழ்க்கை முறையின் பங்கை உறுதி செய்துள்ளன. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2006 இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, உணவுக் கட்டுப்பாடும் உடல் உழைப்பும் நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ 28 விழுக்காடு குறைப்பதைக் காட்டியது. 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீரிழிவுடன் வாழ்ந்து வருவோரைப் பற்றிய ஆய்வும் சென்னையிலிருந்து வெளிவந்துள்ளது. நெடுங்கால நீரிழிவுடன் முதுமையை எட்டுவது இன்று அரிய செய்தியன்று.

எனினும் யோகம் மருந்துக்கு மாற்றாகாது. இன்சுலின் தேவைப்படுவோர் அதை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டோர் தலைகீழ் ஆசனங்களையும் மூச்சை இறுக்கி அடக்கும் பயிற்சிகளையும் தவிர்க்க வேண்டும். இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளை உட்கொள்வோர், பயிற்சிக்கு முன் மருத்துவரின் அறிவுரையைப் பெறுதல் நலம். ஒருவருக்கு மருந்தாவது மற்றொருவருக்குத் தீங்காகலாம் என்ற கிருஷ்ணமாச்சாரியாரின் எச்சரிக்கையும் இதனோடு ஒத்துப்போகிறது.

இறுதிக் காலம்

முதுமையிலும் இவர் தம் அன்றாட ஒழுங்கைக் கைவிடவில்லை. விடியலுக்கு முன் எழுந்து ஆசனம், பிராணாயாமம், பூசை ஆகியவற்றை முடித்த பின்னரே மாணவர்களைச் சந்தித்தார். உணவில் அளவையும் நேரத்தையும் கடைப்பிடித்தார். தொண்ணூறு வயதுக்குப் பின்னும் நூல்கள் இயற்றினார்.

தம் 96ஆம் வயதில் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சையை ஏற்க மறுத்த இவர், படுக்கையில் இருந்தபடியே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கென வகுத்துக் கொண்டார். பிறருக்காகப் பல ஆண்டுகள் செய்து வந்ததை இப்போது தமக்கே செய்ய வேண்டியிருந்தது. அதன்பின் நடமாட்டம் குறைந்தபோதிலும், ஓதுவதையும் கற்பிப்பதையும் தொடர்ந்தார். முதியோரிடையே இடுப்பு எலும்பு முறிவு உயிருக்கு ஆபத்தான ஒன்றாகும். இத்தகைய முறிவுக்கு விரைவான அறுவைச் சிகிச்சையையே இன்றைய மருத்துவம் பரிந்துரைக்கிறது. ஆகவே இவருடைய முடிவு பிறருக்கு வழிகாட்டியாகக் கொள்ளத்தக்கதன்று. ஆனால் இயலாமை ஏற்பட்ட பின்னும் இயன்றதைச் செய்தல் என்ற இவருடைய கொள்கைக்கு இந்நிகழ்வு சான்றாகிறது.

1988 ஆம் ஆண்டில் இவருடைய நூற்றாண்டு விழா கொண்டாடப்பட்டது. 1989 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 அன்று சென்னையில் காலமானார்.

எழுதிய நூல்கள்

யோக மகரந்தம் (கன்னடம், 1934)
யோகாசனகளு (கன்னடம், 1941)
யோக ரகசியம் (நாதமுனிகள் பெயரில் ஓதியளித்தது)
யோகவல்லி (பதஞ்சலி யோக சூத்திரத்துக்கு உரை)
யோகாஞ்சலிசாரம் (வடமொழிச் செய்யுள்)

மதிப்பீடு

கிருஷ்ணமாச்சாரியார் கடல் கடந்து சென்று கற்பித்தவர் அல்லர். ஆயினும் இவருடைய மாணவர்கள் வழியாக இவருடைய கற்பித்தல் பல கண்டங்களுக்கும் பரவியது. அம்மாணவர்கள் பரப்பிய முறைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை. ஜோயிசின் முறை விரைவானது. ஐயங்காரின் முறை நிலைகளின் துல்லியத்தையும் துணைக்கருவிகளையும் முதன்மைப்படுத்துவது. தேசிகாச்சாரின் முறை தனி மனிதரின் தேவையை மையமாகக் கொண்டது. ஒவ்வொருவரும் எக்காலத்தில், எவ்வயதில், எந்த உடல்நிலையில் இவரிடம் வந்தனர் என்பதே இவ்வேறுபாட்டுக்கு முக்கியக் காரணமாகும்.

இவர் கற்பித்தது முழுவதும் பழமையான மரபு எனக் கொள்வதை நார்மன் சோமன், மார்க் சிங்கிள்டன் போன்ற ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. மைசூர் அரண்மனையின் உடற்பயிற்சி மரபும் அக்காலத்தில் பரவியிருந்த மேலை நாட்டு உடற்பயிற்சிகளும் இவருடைய முறையில் கலந்துள்ளன என்பது அவர்களுடைய கருத்தாகும். இவருடைய மரபினர் இதை மறுக்கின்றனர். பழைய நூல்களைப் போற்றிய போதும், தம் முன் அமர்ந்திருக்கும் மனிதருக்கு ஏற்ப அவற்றை மாற்றத் தயங்காதவர் என்பதில் இரு தரப்பினருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.